சங்கிலியின் நீளம்

நாய்க்கு என் கணவன் ரிம்தோபாயி வைத்த பெயர் அஸ்புர்.
பொறு என்று அர்த்தம்.
வலை வாங்கக் கடன் கொடுத்த ஹிஸ்ஸேன்
வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம்
அஸ்புர், அஸ்புர் என்று உரக்கக் கூப்பிடுவான்.
ஹிஸ்ஸேனின் தாடி துடிக்கும்.
நாய் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும்.

இப்போது கூப்பிட்டால் வர முடியாது.
பதினெட்டு நாளாக வேம்பில் கட்டுண்டு கிடக்கிறது.
பூட்டியவள் கல்தூமா,
எங்கள் ஊரின் புழுக்கணக்கு எழுதுகிறவள்.
முன்னங்காலில் கொப்புளத்தைக் கண்டதும்
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சாவியைத் தன் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டாள்.
மருந்து? என்றேன்.
இதற்கு மருந்து கிடையாது, ஊசி கிடையாது,
சங்கிலி இருக்கிறது, என்றாள்.

கொப்புளம் உடைந்து
நனைந்த வெள்ளை நூலின் நுனி எட்டிப் பார்த்தது.
ஒரு வருடமாக அதற்குள் வளர்ந்திருக்கிறது.
நாங்கள் கரையில் எறிந்த மீன்குடலில்
கண்ணுக்குத் தெரியாத ஏதோவாக இருந்து,
வாய்க்குள் போய்,
தொடையைத் தாண்டி, தசைக்கும் தோலுக்கும் நடுவே
சத்தமில்லாமல் இறங்கிவந்திருக்கிறது.
கல்தூமா அதைப் பஞ்சுத்துணியில் சுற்றுகிறாள்,
ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை.
சில நாள் அதுவும் இல்லை.
இழுத்தால் அறுந்துவிடும்.
அறுந்தது உள்ளே அழுகும்.

நண்பகலில்தான் பொறுக்க முடியவில்லை.
ஷாரி ஆறு இருக்கும் திசைக்கே
கழுத்து நெரிய இழுக்கிறது.
பாவம், தாகம், என்கிறார்கள் போகிறவர்கள்.
தாகமில்லை. பக்கத்திலேயே சட்டி நிறையத் தண்ணீர்.

எனக்குத் தெரியும் அந்த எரிச்சல்.
பத்து வயதில், இடது கணுக்காலில்.
வெளியே சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்கள்,
நான் பாயில் கிடந்தேன்.
பழுக்கக் காய்ச்சிய ஆணியை
யாரோ உள்ளிருந்து மெல்லத் தள்ளுவதுபோல.
ஓர் இரவு முழங்காலால் தவழ்ந்து குளத்துக்குப் போனேன்.
காலை நனைத்தேன்.
அம்மாடி, அந்தக் குளிர்ச்சி.
முப்பது வருடம் ஆகியும் கணுக்கால் அதை மறக்கவில்லை.

புழு கேட்டது அதைத்தான்.
எரியவைத்தால் நீரைத் தேடுவோம் என்று
அதற்கு யார் சொன்னார்களோ.
தண்ணீர் பட்டதும் பால்போல எதையோ கக்கியது,
நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்,
அழகாகக்கூட இருந்தது.
அடுத்த வருடம் அறுவடைக்கு
குளத்தங்கரை வீடுகளில் பதினொரு பேர் எழுந்திருக்கவில்லை.
சாபம் என்றார்கள். ஓர் ஆடு வெட்டினார்கள்.
அந்தக் கறியை நானும் தின்றேன்.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை,
நாயிடம்கூட.

அதனால் நண்பகலில் தகரப் பாத்திரம் தூக்கிப்போய்
அதன் காலில் நீர் ஊற்றுகிறேன்,
ஆற்றுக்கும் குளத்துக்கும் வழியில்லாத மணலில்.
மணல் குடித்துவிடுகிறது.
நாய் கண்ணை மூடிக்கொள்கிறது.
மறுபடி இழுக்கிறது. மறுபடி ஊற்றுகிறேன்.
ரிம்தோபாயி சிரிக்கிறான்:
எனக்குக் கால் கழுவ ஒருநாள் தண்ணீர் தந்திருக்கிறாயா?

இருபத்தாறாம் நாள் முழுதாக வந்துவிட்டது.
கல்தூமா அளந்தாள். எண்பத்தொரு சென்டிமீட்டர்.
சங்கிலியைவிடக் குட்டை என்றான் என் கணவன்.
சங்கிலி கட்டியது ஒரு நாயை, என்றாள் அவள்,
நோட்டில் எழுதிக்கொண்டே.
கட்டிவைத்ததற்கு அரசாங்கப் பணம் வந்தது.
வந்த மாலையே ஹிஸ்ஸேனும் வந்தான்.
இந்த முறை நாயைக் கூப்பிடாமல் எண்ணிக் கொடுத்தான் ரிம்தோபாயி.

பூட்டு திறந்ததும் அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கரையில் அண்டை வீட்டுப் பெண்கள்
கெளுத்தி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஈ மொய்க்கும் குடல் குவியல், இன்னும் புதைக்காதது.
மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்,
செருப்பு ஒன்று எங்கோ போனது,
அஸ்புர், அஸ்புர் என்று கத்தியபடி.
இந்தப் பெயரை நாயிடம் சொல்வது
எங்கள் வீட்டில் இதுவே முதல்முறை.